வெறுங்காலின் விலை: மெல்லடிக் காலணிகள் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

தில்லியின் பல்கலைக்கழக வளாகங்களில் இமயமலை நடைப்பயணத்துக்குத் தயாராகும் மாணவர்களிடையே அண்மைக் காலமாக ஒரு புதிய காலணி பற்றிய பேச்சு அடிபடுகிறது. 'வெறுங்கால் பாணி' பூட்சு என்று அதற்குப் பெயர். விரல்கள் விரிந்து நிற்க முன்புறம் அகலமாக இருக்கும். குதிகாலும் முன்பாதமும் ஒரே மட்டத்தில் நிற்கும். அடிப்பகுதி மிக மெல்லியதாகவும் கையால் மடக்கக்கூடியதாகவும் இருக்கும். கணுக்காலை மூடும் மேற்பகுதியைத் தவிர மற்றபடி காலில் எதுவுமே அணியாதது போன்ற உணர்வைத் தருவதே அதன் நோக்கம். விலையோ சாதாரணப் பூட்சைவிடப் பெரும்பாலும் அதிகம்.

இதை வாங்க நினைப்போர் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றனர். எத்தனை நாள் உழைக்கும்? மலையில் மட்டுமின்றித் தில்லியின் அன்றாட நடைபாதையிலும் பேருந்துப் படியிலும் மே மாதத் தார்ச்சாலையிலும் பயன்படுமா? இரண்டும் நியாயமான கேள்விகள். இவற்றுக்கான விடையைத் தயாரிப்பாளரின் விளம்பரத்திலும் பயன்படுத்தியவரின் மதிப்புரையிலுமே தேடுகிறோம். ஆனால் மெல்லிய அடியுள்ள காலணியும் வெறுங்காலும் இந்தத் துணைக்கண்டத்துக்குப் புதியவை அல்ல. சங்க இலக்கியத்திலேயே காலணிக்குத் 'தொடுதோல்' என்ற சொல் உண்டு. புறநானூற்றின் 257ஆம் பாடல், வீரன் ஒருவனைப் பகைவருக்குச் செருப்புக்குள் சிக்கிய சிறு கல்லாக உவமிக்கிறது. அடித்தோலுக்கும் பாதத்துக்கும் இடையே நடப்பவற்றை நம் முன்னோர் கூர்ந்து கவனித்திருக்கின்றனர்.

எனவே அந்த இரு கேள்விகளையும் வரலாற்றிடம் கேட்டுப் பார்க்கலாம். காலணியின் உழைப்பை நிர்ணயிப்பது காலணி மட்டும்தானா? தரைக்கும், பழுது பார்ப்பவருக்கும், நடப்பவரின் சமூக நிலைக்கும் அதில் எவ்வளவு பங்கு?

1. பொருளும் வாக்குறுதியும்

முதலில் பொருளைப் பார்ப்போம். சாதாரண நடைப்பயணப் பூட்சில் பாதத்துக்கும் தரையை உரசும் ரப்பருக்கும் இடையே நுரைப்பொருளாலான ஓர் அடுக்கு இருக்கும். அதிர்வைத் தாங்கும் இந்த அடுக்கு நாளடைவில் அமுங்கித் தன் நெகிழ்வை இழக்கும். வெளி ரப்பரில் வரிப்பள்ளங்கள் எஞ்சியிருக்கும்போதே உள்ளே நுரை செத்துப்போவதுண்டு. மெல்லடிப் பூட்சில் இந்த அடுக்கு கிடையாது, அல்லது மிகச் சன்னமாக இருக்கும். ஆகவே அமுங்கிக் கெடுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. அதன் பலவீனம் வேறிடத்தில் உள்ளது. தேய்வதற்கான ரப்பரின் கனம் குறைவு. ஒவ்வோர் அடியிலும் முன்பாதம் முழுமையாக மடங்குவதால் அந்த மடிப்புக் கோட்டில் விரிசல் விழும். மேற்பகுதியும் அடிப்பகுதியும் ஒட்டுமிடம் பிரியும். எந்த இடத்தில் முதலில் பழுதாகும் என்பது நடப்பவரின் நடையையும் தரையையும் பொறுத்தது.

இந்தக் காலணி இயக்கம் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் மேற்குலகில் எழுந்தது. மெக்சிகோ நாட்டு மலைவாழ் மக்களான ராராமுரிகள் பழைய டயரை அறுத்துச் செய்த செருப்புடன் நெடுந்தூரம் ஓடுவதை 2009இல் கிறிஸ்டஃபர் மெக்டூகல் எழுதிய நூல் உலகறியச் செய்தது. வெறுங்காலில் ஓடிப் பழகியோர் முன்பாதத்தை முதலில் ஊன்றுவதால் மோதலின் அதிர்வு குறைகிறது என்று ஹார்வர்டு பேராசிரியர் டேனியல் லீபர்மனும் குழுவினரும் 2010இல் 'நேச்சர்' இதழில் எழுதினர். சந்தை இவ்விரண்டையும் பற்றிக்கொண்டது. ஐந்து விரல்களுக்கும் தனித்தனி உறை வைத்த காலணியை விற்ற விப்ரம் நிறுவனம், உடல்நலப் பயன்கள் பற்றிய தன் விளம்பரங்களுக்குப் போதிய அறிவியல் ஆதாரம் இல்லை என்ற வழக்கை எதிர்கொண்டு, 2014இல் 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. தவறேதும் செய்ததாக அது ஒப்புக்கொள்ளவில்லை. அதன்பின் விளம்பர மொழியில் எச்சரிக்கை கூடியது. ஆனால் 'இயற்கையான பாதம்' என்ற கருத்து மட்டும் அப்படியே நிலைத்தது.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஒரு தலைமுறை அணிந்து தேய்த்த டயர் செருப்பை அறிந்தவருக்கு ராராமுரிகளின் செருப்பில் வியப்பு ஏதுமிராது. நம் ஊரில் அதை எவரும் உடல்நலத் தத்துவமாகக் கருதவில்லை. தோல் செருப்பு வாங்க வசதியில்லாதவரின் காலணி அது.

2. யாருடைய பாதங்கள்?

'இயற்கையான பாதம்' என்ற கருத்துக்கான சான்றுகள் எங்கிருந்து வந்தன என்று தேடினால் சுவையான ஒரு வரலாறு தென்படுகிறது. காலணி அணிவோரின் பாதத்தையும் அணியாதோரின் பாதத்தையும் ஒப்பிட்டு 1905இல் பில் ஹாஃப்மன் என்ற அமெரிக்க எலும்பியல் மருத்துவர் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அவர் ஆராய்ந்த வெறுங்கால்கள் 1904இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்குக் கொண்டுவரப்பட்டிருந்த பிலிப்பைன்ஸ், ஆப்பிரிக்க மக்களுடையவை. அமெரிக்கா அப்போதுதான் கைப்பற்றியிருந்த தீவுகளின் மக்கள் அங்கே காட்சிப் பொருளாக நிறுத்தப்பட்டிருந்தனர். ஆரோக்கியமான பாதத்துக்கான சான்று ஒரு பேரரசின் கண்காட்சித் திடலில் திரட்டப்பட்டது.

அடுத்த முக்கியச் சான்று நம் நாட்டிலிருந்தே கிடைத்தது. கர்நாடகத்தில் பணியாற்றிய உதய பாஸ்கர ராவ், பெஞ்சமின் ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையுள்ள 2,300 குழந்தைகளின் பாதச் சுவடுகளைப் பதிவுசெய்து ஆராய்ந்து 1992இல் வெளியிட்டனர். காலணி அணியும் குழந்தைகளில் 8.6 விழுக்காட்டினருக்குத் தட்டைப்பாதம் இருந்தது, அணியாதோரில் 2.8 விழுக்காட்டினருக்கு மட்டுமே இருந்தது. முன்புறம் மூடிய ஷூ அணிந்தோரிடம் அது மிகுந்தும், செருப்பு அணிந்தோரிடம் குறைந்தும் காணப்பட்டது. 1995இல் சச்சிதானந்தம், ஜோசப் ஆகியோர் 1,846 பெரியவர்களிடம் நடத்திய ஆய்வும் இதே திசையில் அமைந்தது. ஆறு வயதுக்கு முன்பே காலணி அணியத் தொடங்கியோரில் 3.24 விழுக்காட்டினருக்கும், பதினாறு வயதுக்குப் பின் தொடங்கியோரில் 1.75 விழுக்காட்டினருக்கும் தட்டைப்பாதம் இருந்தது.

இவை கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வுகள். குழந்தையின் பாதத்தைக் குறுகிய ஷூவுக்குள் அடைக்கக்கூடாது என்ற அவற்றின் படிப்பினை இன்றும் மதிக்கத்தக்கது. நம் பள்ளிகள் கறுப்பு ஷூவைக் கட்டாயமாக்கும்போது இதை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் வரலாற்று மாணவர் இங்கே இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். பதினாறு வயது வரை காலணி அணியாமல் வளர்ந்தவர் யார்? இருபதாம் நூற்றாண்டு இந்தியாவில் அது பெரும்பாலும் வளைந்த பாதத்தின்மேல் கொண்ட விருப்பத்தால் நேர்ந்ததன்று. அட்டவணையில் 'காலணி அணியாதோர்' என்ற ஒரே சொல்லுக்குள் வழக்கம், வறுமை, தடை எல்லாம் கலந்து கிடக்கின்றன. பாதச் சுவட்டுத் தாள் வளைவைப் பதிவு செய்யும். காரணத்தைப் பதிவு செய்யாது.

3. தரை மாறினால்

மெல்லடிக் காலணியுடன் மலையேறும் பழக்கம் இமயத்தில் பழையது. லடாக்கியர் அணியும் 'பாபு' என்ற பூட்சு விலங்குத் தோலாலான அடியும் கம்பளித் துணியாலான மேற்பகுதியும் கொண்டது; உயர்ந்த குதி இல்லாதது; கையால் தைக்கப்படுவது. குலு பள்ளத்தாக்கில் சணல் வகை நாரால் 'பூலா' பின்னினர். கஷ்மீரில் நெல் வைக்கோலை முறுக்கி 'புல்ஹோர்' செய்தனர். பனியிலும் வழுக்குப் பாறையிலும் வைக்கோல் நன்றாகப் பிடிக்கும். பாதத்துக்குத் தரையின் மேடுபள்ளம் தெரியும். இன்றைய விளம்பரம் சொல்லும் குணங்கள் பலவும் அதில் இருந்தன.

அதன் உழைப்போ மிகக் குறைவு. சில நாள் மலைநடையிலேயே நைந்துபோகும். அதனால் நடப்போர் கூடுதல் இணைகளைச் சுமந்து சென்றனர், அல்லது தங்குமிடத்தில் வைக்கோல் வாங்கிப் புதிதாகப் பின்னிக்கொண்டனர். காலணியின் குறைந்த ஆயுளை மனித உழைப்பு ஈடுசெய்தது. அந்த உழைப்பு யாருடையது என்பதை 1895இல் வெளியான வால்டர் லாரன்சின் கஷ்மீர் பள்ளத்தாக்கு பற்றிய நூல் காட்டுகிறது. கில்கித் சாலையில் சுமை தூக்க 'பேகார்' என்ற கட்டாயப் பணிக்குப் பிடித்துச் செல்லப்பட்ட உழவர்களின் துயரத்தை அந்நூல் விரிவாகப் பதிவு செய்துள்ளது. திரும்பி வருவோமா என்று தெரியாமலே வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள் அவர்கள். மலைநடைக்கு ஏற்ற இலகுவான காலணி என்று நாம் இன்று வியக்கக்கூடிய ஒன்று, அந்தச் சாலையில் கூலியற்ற கால்களின் காலணியாகவும் இருந்தது.

தரை மாறும்போது செயல்திறனும் மாறும் என்பதற்கு விளையாட்டு வரலாற்றில் ஒரு தெளிவான சான்று உண்டு. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடி, பிரான்சிடம் 1-2 என்ற கணக்கில்தான் தோற்றனர். 1951 மார்ச்சில் தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதே தலைமுறை இரானை 1-0 என்று வென்று தங்கம் பெற்றது. 1952இல் ஹெல்சிங்கியில் யுகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்றது. அந்தத் தோல்விக்குப் பின் பூட்சு கட்டாயமாக்கப்பட்டது. எதிரணியின் வலிமை முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் தில்லியின் உலர்ந்த மண்ணிலும் கொல்கத்தாவின் மைதானத்திலும் பழகிய கால்களுக்கு வட ஐரோப்பாவின் குளிர்ந்த புல்தரை வேறோர் உலகம்.

விளையாட்டில் தோல்வியோடு முடிந்தது போரில் உயிரிழப்பாக ஆனது. 1962 அக்டோபரில் நாம்கா சூ ஆற்றங்கரையில் நிறுத்தப்பட்ட ஏழாவது படைப்பிரிவின் வீரர் பலர் பருத்திச் சீருடையும் கான்வாஸ் ஷூவும் அணிந்து இமயக் குளிரை எதிர்கொண்டனர். அப்படைப்பிரிவின் தளபதி ஜான் டால்வி 1969இல் வெளியிட்ட தம் நூலில் இதைக் கசப்புடன் விவரித்தார். மெல்லிய அடியுள்ள கான்வாஸ் ஷூ சமவெளி அணிவகுப்புக்குப் பொருந்தலாம். தில்லித் தலைமையகத்தின் மேசையிலிருந்து பார்த்தால் எல்லாத் தரையும் ஒன்றுபோலத் தெரிந்திருக்கக்கூடும். ஆற்றங்கரையில் நின்ற கால்களுக்கு அப்படித் தெரியவில்லை.

4. காந்தியின் செருப்பு

நீண்ட தூரத்தைத் தட்டையான, மெல்லிய, விரல் திறந்த செருப்புடன் நடந்து காட்டியவர்களில் நம் காலத்தின் பெரும் பெயர் காந்தி. அவருடைய நடையைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அவர் செருப்புத் தைத்தவர் என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

1910இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில், லாலி ரயில் நிலையத்தருகே ஹெர்மன் கல்லன்பாக் வாங்கியிருந்த 1,100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கப்பட்டது. சிறை சென்ற சத்தியாகிரகிகளின் குடும்பங்கள் அங்கே தங்கின. அவர்களில் தமிழர் கணிசமானோர். தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தாம் அறிந்த சிறிது தமிழைக் காந்தியே கற்பித்தார். சொந்த வேலையாக நகரத்துக்குப் போவோர் நடந்தே போக வேண்டும் என்பது பண்ணையின் விதி. 21 மைலுக்கு ஆறேழு மணி நேரம் ஆகும் என்றும், மிக விரைவாகக் கடந்தவர் 4 மணி 18 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார் என்றும் காந்தி தம் தென்னாப்பிரிக்கச் சத்தியாகிரக வரலாற்றில் குறிப்பிடுகிறார்.

இத்தனை நடைக்குக் காலணி வேண்டும், வாங்கப் பணமில்லை. பைன்டவுன் அருகே மரியன்ஹில்லில் இருந்த ஜெர்மானியத் துறவியர் மடத்துக்குச் சென்று கல்லன்பாக் செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடமிருந்து காந்தியும், காந்தியிடமிருந்து மற்றவர்களும் கற்றனர். 1911இல் மகன்லால் காந்திக்கு எழுதிய கடிதத்தில், ஏறத்தாழப் பதினைந்து இணை செய்து முடித்ததாகவும் தேவையானால் அளவு அனுப்பும்படியும் காந்தி எழுதினார். நடப்பவரும் தைப்பவரும் பழுது பார்ப்பவரும் ஒருவரே என்ற ஏற்பாடு அது. செருப்பின் ஆயுள் என்ற கேள்வியே அங்கே வேறு பொருள் கொள்கிறது. அறுந்த வாரை அன்று மாலையே தைத்துக்கொள்ளும் இடத்தில் 'எத்தனை மாதம் உழைக்கும்' என்று எவரும் கேட்கமாட்டார்.

1914இல் தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்படும்போது தாம் செய்த ஓரிணையைத் தம்மைச் சிறையிலிட்ட ஜெனரல் ஸ்மட்சுக்குக் காந்தி அனுப்பிவைத்தார். ஸ்மட்ஸ் பல கோடைகளில் அதை அணிந்துவிட்டு, காந்தியின் எழுபதாம் பிறந்த ஆண்டான 1939இல் திருப்பி அனுப்பினார். இருபத்தைந்து ஆண்டு உழைத்த செருப்பு என்று இதைக் கொண்டாடலாம். ஆனால் பண்ணைவீட்டில் கோடையில் மட்டும் அணிந்த செருப்பின் ஆயுளை, நாள்தோறும் பத்து மைல் நடந்த செருப்பின் ஆயுளோடு ஒப்பிட முடியாது. இன்றைய இணையத்தளங்களில் காணும் நீடித்த உழைப்புப் பற்றிய சான்றிதழ்கள் பலவற்றிலும் இதே குறை உண்டு: எத்தனை ஆண்டு என்று சொல்வார்கள், எத்தனை கிலோமீட்டர், எந்தத் தரை என்று சொல்லமாட்டார்கள்.

1930 மார்ச் 12 அன்று சபர்மதியிலிருந்து புறப்பட்டுச் சுமார் 240 மைல் நடந்து ஏப்ரல் 5 அன்று தண்டியை அடைந்தபோது காந்திக்கு அறுபது வயது. ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து இராஜாஜியின் அணி வேதாரணியத்துக்குப் புறப்பட்டது. சுமார் 150 மைல். நடையே அரசியலான ஆண்டு அது.

பதினேழு ஆண்டுகளுக்குப் பின் நவகாளியில் காந்தி செருப்பையும் கழற்றினார். 1947 ஜனவரி தொடக்கம் முதல் மார்ச் தொடக்கம் வரை, 77ஆம் வயதில், வகுப்புக் கலவரம் எரித்த 47 கிராமங்களினூடே 116 மைல் வெறுங்காலுடன் நடந்தார். யாத்திரைத் தலத்தில் காலணி அணிவதில்லை என்ற மரபையொட்டிய நோன்பு அது. பாதத்தில் வெடிப்பும் புண்ணும் ஏற்பட்டன. இரவில் மருந்திட்டுக் காலையில் மீண்டும் நடந்தார். வெறுங்கால் உடலுக்கு நல்லது என்ற நோக்கில் அவர் நடக்கவில்லை. வலியை ஏற்பதே அந்த நடையின் பொருள். தில்லியில் அவர் வாழ்வின் கடைசி நடை நிகழ்ந்த பிர்லா இல்லத்துத் தோட்டத்தில், அறையிலிருந்து பிரார்த்தனைத் திடல் வரை, அவருடைய காலடித் தடங்கள் அமைத்துக் காட்டப்பட்டுள்ளன.

இந்தக் கதையில் தோல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி விடுபட்டுவிடக் கூடாது. கொல்லாமல், தானாக இறந்த மாட்டின் தோலையே பயன்படுத்த வேண்டும் என்று காந்தி பின்னாளில் வற்புறுத்தினார். வார்தாவுக்கு அருகே நாலவாடியில் அதற்கெனத் தோல் பதனிடும் கூடமும் நடந்தது. ஆனால் இறந்த மாட்டை இழுத்துச் சென்று உரிப்பவர் யார்? 1927 மார்ச்சில் மகாடு மாநாட்டில் அம்பேத்கர் தம் மக்களிடம் அந்த வேலையைக் கைவிடுமாறு கேட்டுக்கொண்டார். ஒருவர் விரும்பிக் கற்ற தொழில் மற்றவருக்குப் பிறப்பாலே சுமத்தப்பட்டது. தோல் தொழிலைப் பற்றிய இந்த இரு பார்வைகளுக்கிடையிலான தூரம் தண்டிக்கும் சபர்மதிக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம்.

5. அதே ஆண்டு, இராமநாதபுரம்

தண்டி நடை முடிந்த அதே 1930ஆம் ஆண்டின் டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையரான ஜே.எச். ஹட்டன் அவற்றைப் பட்டியலிட்டுள்ளார். தங்க, வெள்ளி நகை கூடாது. ஆண்கள் சட்டை அணியக் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது என்று நீளும் அப்பட்டியலின் கடைசித் தடை, ஆண்கள் குடை பிடிக்கவும் செருப்பு அணியவும் கூடாது என்பது. மீறியோரின் குடிசைகள் எரிக்கப்பட்டன.

ஒரே ஆண்டில், ஒரே மாகாணத்தில், இராஜாஜியின் அணி நடந்த சாலையையும் இந்தத் தடையையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். முன்னதில் நடையை ஒருவர் தேர்ந்தெடுத்தார். பின்னதில் சுடுமணலும் முள்ளும் ஒருவர்மீது சட்டம் போல விதிக்கப்பட்டன. தெருவில் வருகையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துச் செல்லும்படி கட்டாயப்படுத்தும் வழக்கம் தமிழ்நாட்டில் அதன் பின்னும் நெடுங்காலம் நீடித்தது. அந்தப் பாதங்களும் 'இயற்கையானவை' என்றே அளவுகோலில் பதிவாகும்.

வெறுங்காலுக்கு உடலும் விலை கொடுத்தது. கொக்கிப்புழு மண்ணிலிருந்து பாதத்தோலைத் துளைத்து உள்ளே நுழைவது. 1916இல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் ராக்பெல்லர் அறக்கட்டளை கொக்கிப்புழு ஒழிப்புப் பணியைத் தொடங்கியபோது அது சோதித்த உடல்களில் மிகப் பெரும்பாலானவை தமிழ்த் தோட்டத் தொழிலாளருடையவை. மருந்து கொடுத்தாலும் கழிப்பிடமும் காலணியும் இல்லாத இடத்தில் நோய் மீண்டும் மீண்டும் தொற்றியது. ஈர மண்ணில் வெறுங்காலுடன் கொழுந்து பறித்த அந்தப் பெண்களிடம் தரையை உணர்வதன் நன்மை பற்றிப் பேசியிருக்க முடியாது.

6. வேலூர்: உணர்வில்லாத பாதத்துக்கு ஒரு செருப்பு

தரையை உணர்தல் என்ற கருத்தை மறுபக்கத்திலிருந்து ஆராய்ந்தவர்கள் வேலூர் மருத்துவர்கள். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளரின் பாதங்கள் அழிவதற்குத் தசை அழுகுவது காரணமல்ல என்று கண்டார். நோய் நரம்பைத் தாக்குவதால் வலியுணர்வு மறைகிறது. வலி தெரியாதவர் ஆணி குத்தியபின்னும் நடப்பார். கொப்புளத்தின்மேலேயே எடையை ஊன்றுவார். புண் அப்படித்தான் பெரிதாகிறது. வலியை உடலின் பாதுகாவலன் என்று பிராண்ட் தம் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தினார்.

வெறுங்கால் காலணிக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வலுவான வாதமும் இதுவே: பாதம் தரையை உணர்ந்தால் நடையைத் தானே திருத்திக்கொள்ளும். நலமான பாதத்துக்கு இது பொருந்தும். உணர்விழந்த பாதத்துக்கு அந்தத் திருத்தம் நிகழாது. ஆகவே 1955இல் தொடங்கிய கரிகிரி ஆய்வு மையத்திலும் வேலூரிலும் மருத்துவர்களும் செருப்புத் தைப்போரும் சேர்ந்து நுண்துளை ரப்பரைக் கொண்டு எம்.சி.ஆர். செருப்பை உருவாக்கினர். மென்மையான உள்ளடி அழுத்தத்தைப் பாதம் முழுதும் பரப்பியது. உறுதியான வெளியடி முள்ளைத் தடுத்தது. ஆணி அடிக்காமல் தைத்தும் ஒட்டியும் செய்தனர். ஆணி தேய்ந்து மேலே வந்தால் அணிந்தவருக்குத் தெரியாது. செருப்பு நழுவுவதும் தெரியாது என்பதால் குதிகாலுக்குப் பின்வார் வைத்தனர்.

அதன் அன்றாடப் பயன்பாட்டு வரலாறு இன்னும் படிப்பினை தருவது. மென்மையான ரப்பர் அமுங்கிவிடும். குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். முள் உள்ளே தங்கியிருக்கிறதா என்று அணிபவர் நாள்தோறும் பார்க்க வேண்டும். மருத்துவ நோக்கில் செருப்பு வெற்றி பெற்றும் பலர் அணிய மறுத்தனர். அந்தக் கறுப்புச் செருப்பைக் கண்டதும் ஊரார் நோயை அறிந்துகொண்டனர் என்பதே காரணம். பிறகு வந்த வடிவமைப்புகள் கடைச்செருப்பின் தோற்றத்தைப் பின்பற்ற முயன்றன. அடியின் கனத்தையும் ரப்பரின் தரத்தையும் ஆய்வகத்தில் அளக்கலாம். பிறர் பார்வையைத் தாங்கும் வலுவை அங்கே அளக்க முடியாது. அதுவும் செயல்திறனில் அடங்கும்.

7. தில்லிக்குத் திரும்பினால்

2020 மார்ச் 24 இரவு அறிவிக்கப்பட்ட ஊரடங்குக்குப் பின் தில்லியிலிருந்து உத்தரப் பிரதேசத்துக்கும் பீகாருக்கும் தொழிலாளர்கள் நடக்கத் தொடங்கினர். மார்ச் 28 அன்று ஆனந்த் விஹார் பேருந்து நிலையத்தில் திரண்ட கூட்டத்தின் படங்களை நாம் மறக்கவில்லை. அவர்களில் பலர் காலில் இருந்தது ஹவாய் செருப்பு. தட்டையானது, மெல்லியது, மடங்குவது, விரலை நெருக்காதது. வெறுங்கால் பாணிக் காலணிக்கான இலக்கணம் பெருமளவு அதில் உண்டு. அறையிலிருந்து குழாயடிக்கும் கடைக்கும் செல்ல அது போதும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நெடுஞ்சாலைக்கு அல்ல. வார் அறுந்தது, அடி தேய்ந்து ஓட்டை விழுந்தது, கொப்புளம் வெடித்தது. சாலையோரத்தில் உணவோடு செருப்பும் வழங்க வேண்டியிருந்தது. வழியெங்கும் செருப்புத் தைப்பவரும் ஊரடங்கில் முடங்கியிருந்தார். இந்த நகரத்தின் அண்மை வரலாற்றில் மெல்லடிக் காலணி சந்தித்த மிகப் பெரிய சோதனை அதுதான். அதற்கு மதிப்புரை எழுதியவர் எவருமில்லை.

இவற்றால் வெறுங்கால் பாணிப் பூட்சு வீண் என்ற முடிவுக்கு வரவேண்டியதில்லை. விரலுக்கு இடம் விடும் காலணி நல்லது. தட்டையான அடி பலருக்கு ஒத்துவரும். படிப்படியாகப் பழகினால் பாதத் தசை வலுப்பெறலாம். ஆனால் வாங்குமுன் கேட்கும் கேள்விகளை விரிவாக்கிக்கொள்ளலாம். எந்தத் தரைக்கு இது? கூர்ங்கல் பரவிய மலைப்பாதைக்கும் பனிக்கும் தார்ச்சாலைக்கும் விடை வெவ்வேறு. அடி தேய்ந்தால் மாற்ற முடியுமா? தைத்த அடியைத் தில்லித் தெருமுனையில் அமர்ந்திருக்கும் செருப்புத் தொழிலாளர் குத்தூசியும் மெழுகிட்ட நூலும் கொண்டு மறுபடி தைத்துத் தருவார். வார்ப்பில் ஒட்டிய மெல்லடியில் ஊசி ஏற்றினால் கிழியும். அவர் கையை விரிக்கத்தான் முடியும். அத்தகைய பூட்சின் ஆயுள் முதற் பழுதோடு முடிகிறது. என் பாதம் தரையை முழுதாக உணர்கிறதா? நீரிழிவு பரவலாக உள்ள நாட்டில் வேலூரின் பாடம் தொழுநோயாளருக்கு மட்டும் உரியதன்று.

ஆய்வாளர்களுக்கு இன்னும் ஒரு வேலை காத்திருக்கிறது. காலணி வரலாறு என்றால் அரசர்களின் பாதுகையும் அருங்காட்சியகத்துச் சரிகைச் சூத்தியும் என்றே இதுவரை எழுதியிருக்கிறோம். செருப்பு மறுக்கப்பட்டவர்களின் நினைவுகளும் செருப்புத் தைத்தவர்களின் தொழில்நுட்ப அறிவும் வாய்மொழியாகவே எஞ்சியுள்ளன. எந்தத் தோல் எந்த மண்ணில் எத்தனை மழைக்காலம் தாங்கியது என்பதை அளந்து வைத்திருப்பவர்கள் அவர்களே. அவர்களில் மூத்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. தில்லியிலும் ஆம்பூரிலும் ஆக்ராவிலும் களப்பணி செய்யும் மாணவர்கள் தங்கள் வினாநிரலில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் இந்த வரலாற்றின் பெரிய இடைவெளி நிரம்பத் தொடங்கும்.